ஜுன்னாரில் கலந்தது எது?

புணேயிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது ஜுன்னார். கடல் இல்லாத ஊர்தான். ஆனால் கல்யாண், சோபாரா துறைமுகங்களிலிருந்து சரக்குப் பொதிகள் நாணேகாட் கணவாய் ஏறி வந்து சேர்ந்த சந்தை அது. சாதவாகனர் காலத்தில் துறைமுகத்துப் பணம் இந்த ஊர்க் குன்றுகளில் பௌத்தக் குகைகளாயிற்று.

சமயக் கலப்புக்குச் சான்றாக இங்கே முதலில் காட்டப்படுவது லேண்யாத்ரி குகைத்தொகுதி. அஷ்டவிநாயகர்களில் ஒருவரான கிரிஜாத்மஜர், அங்கே 7ஆம் குகையில், பிக்குகள் தங்கிய விகாரத்துக்குள் இருக்கிறார். பக்கத்து 6ஆம் குகையில் தூபி அப்படியே நிற்கிறது. தூபி வழிபாட்டுக் கூடமான அந்தச் சைத்தியம் கல்யாணைச் சேர்ந்த சுலசதத்தனின் கொடை என்கிறது கல்வெட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் நெகிழ்வது உண்மை. ஆனால் இதைக் கலப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வழிபாடு ஓய்ந்து பல காலம் கழித்து இன்னொன்று வந்து அமர்ந்திருக்கிறது. இடம் ஒன்று, காலம் வேறு. விகாரத்தைக் குடைந்த சிற்பி விநாயகரை நினைத்து உளி பிடிக்கவில்லை.

மான்மோடிக் குன்றின் கதை அப்படியல்ல. அங்குள்ள சைத்தியம் ஒன்றின் முகப்பு, சந்தன் என்னும் யவனனின் கொடை எனக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. வாசலுக்கு மேலுள்ள அரைவட்டம் தாமரை இதழ்களாகப் பிரிந்து விரிகிறது. நடு இதழில் திருமகள், இருபுறமும் யானைகள், கைகூப்பிய ஆணும் பெண்ணும். கொடுத்தவன் அந்நியன், கட்டடம் புத்தருக்கு, வாசலில் இருப்பவள் திரு. மூன்றும் ஒரே காலத்தில், ஒரே வேலையில் சேர்ந்திருக்கின்றன.

இதிலும் எச்சரிக்கை தேவை. பௌத்தத்துக்குள் இந்துக் கடவுள் புகுந்தாள் என்று படிப்பது பிற்காலக் கண்ணாடி வழியே பார்ப்பது. யானைகள் நீராட்டும் திருமகள் பார்ஹுத்திலும் சாஞ்சியிலும் முன்பே உண்டு. வளம் தருபவளாக எல்லோருக்கும் பொதுவானவள். யவனன் பணம் கொடுத்தான் என்பதற்காகக் கிரேக்கச் சாயலைத் தேடினாலும் ஏமாற்றம்தான். உடலமைப்பு, ஆடை மடிப்பு, இதழ் வரிசை எல்லாம் தக்காணத்துக் கை. காந்தாரத்தில் நடந்த பாணிக் கலப்பு இங்கே நடக்கவில்லை. திருமகளைத் தேர்ந்தது சந்தனா சிற்பியா என்றும் கல்வெட்டு சொல்லவில்லை.

அப்படியானால் கலந்தது எது? கொடையாளிகள்தான். ஜுன்னார்க் கல்வெட்டுகளில் சந்தனோடு சிதன், இரிலன் என்ற யவனர்களும் வருகிறார்கள். ஒருவர் பௌத்த சங்கத்துக்கு உணவு மண்டபம் கொடுத்தார், மற்றவர் இரண்டு நீர்த்தொட்டிகள். அதே வணிகப் பாதையின் உச்சியில், நாணேகாட்டில், சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டு இந்திரனையும் சங்கர்ஷணனையும் வாசுதேவனையும் வணங்கி வேள்விகளை அடுக்குகிறது. அரண்மனை வேள்வி செய்தது, வணிகன் பிக்குவுக்குச் சோறிட்டான். இருவருக்கும் வருவாய் தந்தது ஒரே கணவாய்.

ஆகவே என் தீர்ப்பு: ஜுன்னாரின் உண்மையான கலப்புச் சான்று மான்மோடி முகப்பு. லேண்யாத்ரி, பக்தியில் எவ்வளவு உயர்ந்ததானாலும், அடுத்தடுத்து நிகழ்ந்த குடியேற்றத்தின் சான்று. யாத்திரைக் கூட்டம் எட்டிப் பார்க்காத அந்த முகப்பைக் காப்பதில்தான் தொல்லியல் துறை இனி அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.