இருக்கை யாரை ஆளாக எண்ணுகிறது?

அமெரிக்காவில் விற்கப்படும் பெரும்பாலான புதிய கார்களில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை தன்மேல் உட்காருபவரை எடைபோடுகிறது. மெத்தைக்கு அடியில் திரவம் நிரப்பிய பை இருக்கும். அல்லது இருக்கையைத் தாங்கும் இடங்களில் எடை உணரிகள் இருக்கும். அவை தரும் அளவை வைத்து, இருப்பது குழந்தையா, பெரியவரா, இருக்கை காலியா என்று மென்பொருள் முடிவு செய்யும். பெரியவர் என்று முடிவானால்தான் மோதலில் ஏர்பேக் விரியும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 1990 முதல் 2000 வரை ஏர்பேக் தாக்கியதாலேயே 175 பேர் இறந்ததாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கண்டது. அவர்களில் 104 பேர் குழந்தைகள். ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டியிருந்த உயரம் குறைந்த பெண்களும் இறந்தார்கள். சீட் பெல்ட் அணியாத சராசரி ஆணின் உடலைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அன்றைய சோதனையின் நிபந்தனை. அந்த உடலுக்காகக் கூட்டிய வேகம் சிறிய உடல்களைக் கொன்றது.

2000இல் விதி 208 திருத்தப்பட்டது. ஏர்பேக்கை அணைத்துவைக்கும் வழியைத் தேர்ந்த நிறுவனங்கள், சுமார் 23 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தைப் பொம்மை உட்கார்ந்தால் அது அணைந்திருப்பதையும், சுமார் 49 கிலோ எடையுள்ள பெண் பொம்மை உட்கார்ந்தால் இயங்கத் தயாராக இருப்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். குழந்தைகளைக் காத்த திருத்தம் இது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்விதியை ஒரு பிரதியாக வாசித்தால் பெண்ணுக்கு அதில் கிடைத்த இடம் தெரியும். ஆணுக்குச் சராசரி உண்டு, பெண்ணுக்கு இல்லை. 'பெரியவர்' என்ற வகையின் கீழெல்லையாக மட்டுமே அவள் வருகிறாள். அந்தப் பொம்மையும், மிகச் சிறிய 5 விழுக்காட்டுப் பெண்களின் அளவுக்கு ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. 23 கிலோவுக்கும் 49 கிலோவுக்கும் நடுவே கோடு எங்கே விழ வேண்டும் என்று விதி சொல்வதில்லை. 42 கிலோ எடையுள்ள பெண் ஆளா, குழந்தையா என்பதைத் தயாரிப்பாளர் செய்யும் அளவுத்திருத்தமே தீர்மானிக்கிறது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. நிசான் நிறுவனம் 2014இல் ஏறத்தாழ 10 லட்சம் கார்களையும், 2016இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போதே குழந்தை என்றோ, இருக்கை காலி என்றோ கருவி எண்ணிவிடக்கூடும் என்பதுதான் காரணம்.

இடுப்பு வலியால் ஒருக்களித்து உட்காரும் கர்ப்பிணி, கூன் விழுந்து முன்னால் சாயும் பாட்டி: இவர்கள் எடை மெத்தையில் சரியாக விழாவிட்டால் ஏர்பேக் அணைந்திருப்பதாக விளக்கு எரியலாம். நிமிர்ந்து, நடுவில், காலைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்கிறது காரின் கையேடு. அந்த நேரத்துக்கு அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் கருவியின் போதாமை இங்கே உடலின் ஒழுங்கீனமாக மாற்றப்படுகிறது. நேராக உட்கார் என்று பெண்களுக்குச் சொல்லிவந்த வாய்களோடு ஓர் இயந்திரமும் சேர்ந்துகொள்கிறது.

சீட் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர்கள், அதே வகை மோதலில் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு ஆண்களைவிட 47 விழுக்காடு அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பொம்மையை சுவீடன் ஆய்வாளர்கள் 2022இல் அறிமுகப்படுத்தினார்கள். அதுவும் பின்னாலிருந்து மோதும் விபத்துகளுக்காக.

செய்ய முடியாத வேலை அல்ல என்பதற்கு அதுவே சான்று. சராசரிப் பெண்ணும், 49 கிலோவுக்குக் குறைந்த பெண்ணும், வளைந்தும் சாய்ந்தும் உட்காரும் பெண்ணும் சோதனைக்கூடத்துக்குள் வர வேண்டும். கருவி யாரையெல்லாம் ஆளில்லை என்று தவறாக எண்ணுகிறது என்ற கணக்கை, விபத்துக்கு முன்பே நிறுவனங்கள் வெளியிட வேண்டும்.