மெட்டும் வாத்தியமும்

ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளைக் கர்நாடக சங்கீதத்தோடு சேர்த்து வாசிக்கும் முயற்சிகள் 'ஃபியூஷன்' என்ற பெயரில் ஏதோ நேற்றுத் தொடங்கிய காரியம் போலப் பேசப்படுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மணலியில் ஒரு குடும்பம் இதைச் செய்து பார்த்துவிட்டது. சங்கீத ஆராய்ச்சி என் துறை அல்ல. நம் எழுத்துக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

ராமஸ்வாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து ஆதரித்தவர் முத்துகிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ். அவர் மகன் சின்னையா முதலியார் தீட்சிதரின் பிள்ளைகளைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் பாண்டு வாத்தியம் கேட்க வைத்தார். கம்பெனிப் பட்டாளத்தில் ஐரிஷ்காரர்களுக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கம் வேதமும் வீணையும் கற்ற பிள்ளைகள். மறுபக்கம் சம்பளத்துக்காகக் கடல் தாண்டி வந்த சிப்பாய்கள். நடுவில் துபாஷின் செல்வாக்கு. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு 'இரு மரபுகளின் சங்கமம்' என்பது வெறும் அலங்காரப் பேச்சு.

மூத்தவர் முத்துஸ்வாமி (1775-1835) கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். சுமார் நாற்பது நொட்டுஸ்வரங்கள். 'ஜகதீச குருகுஹ' ஸ்காட்லாந்து நடனமெட்டு ஒன்றின் மேல் அமைந்தது; 'வந்தே மீனாக்ஷி' ஐரிஷ் மெட்டு; 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். ஆனால் கமகம் இல்லை என்பதால் சங்கராபரணம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. மெட்டு வந்தபடியே இருக்கிறது, தெய்வத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. குழந்தைகள் பாடிப் பழக நல்லவை, கேட்கவும் சந்தோஷம்தான். அதற்கு மேல் அவை எதையும் அசைக்கவில்லை.

இதே மனிதர் காசியில் கேட்ட ஹிந்துஸ்தானி இசையை இப்படி நடத்தவில்லை. யமுனாகல்யாணியில் அமைந்த 'ஜம்பூபதே'யைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். அங்கே வெளியிலிருந்து வந்தது அவருடைய நடையாகவே ஆகிவிட்டது.

இளையவர் பாலுஸ்வாமி செய்தது வேறு. அவர் மெட்டை விட்டுவிட்டு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, பின்னால் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் சமஸ்தான வித்வானாக இருந்தார். தீட்சிதரின் சிஷ்யரான தஞ்சாவூர் வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் தந்த வெகுமதி ஒரு தந்த வயலின். அடுத்தடுத்து வந்த கைகளில் அந்த வாத்தியம் தரையில் உட்கார்ந்தது. அதன் தலை வித்வானின் பாதத்தில் ஊன்றிக்கொண்டது. தந்திகள் ஸா-பா-ஸா-பா என்று சுருதி மாறின. விரல் வழுக்கிக் கமகம் பிறந்தது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். அதை அந்நிய வாத்தியம் என்று நினைப்பவரும் இல்லை.

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பாதையில் பொங்கல் ஊர்வலம் வரும்போது பாண்டு செட் கிளாரினெட்டைக் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் ஃபியூஷன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். உறுமியின் தாளத்துக்கு அவர் இழைக்கும் குழைவுக்கு மேற்கில் முன்மாதிரி கிடையாது. வாத்தியம் கைக்கு வந்துவிட்டால் பூர்வீகம் தானே மறந்துபோகிறது.

நம் எழுத்துக்கு வருகிறேன். சிறுகதை மேற்கிலிருந்து வந்த வாத்தியம். புதுமைப்பித்தனும் மௌனியும் அதைத் தரையில் உட்காரவைத்து, சுருதி மாற்றி வாசித்தார்கள். ஹைக்கூ என்று நம்மிடம் குவிந்ததில் பெரும்பகுதி நொட்டுஸ்வரம்: மூன்று வரி அங்கிருந்து, நிலாவும் வேப்பமரமும் இங்கிருந்து. மாய யதார்த்தம் என்ற பெயரில் வந்தவற்றிலும் பாதி அப்படித்தான். மெட்டு லத்தீன் அமெரிக்காவுடையது, குலதெய்வம் நம்முடையது. குலதெய்வத்தின் பெயர் வந்துவிட்டதாலேயே அதை மண்ணின் எழுத்து என்று மதிப்புரைகள் கொண்டாடுகின்றன. சாகித்யத்தைப் பார்த்து மெட்டை எடைபோடும் ரசனை இது.

அண்ணன் மெட்டில் லயித்திராவிட்டால் தம்பிக்கு வாத்தியம் கிடைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நொட்டுஸ்வரம் எழுதுவது குற்றமில்லை, தீட்சிதரே எழுதினார். அவற்றைத் தம் சங்கீதத்தின் சிகரம் என்று அவர் நினைத்திருக்க முடியாது என்பதற்கு அவருடைய நவாவரணக் கீர்த்தனைகளே சாட்சி. நம் கவிஞர்களில் பலருக்கு நொட்டுஸ்வரத்துக்கு அப்பால் கையில் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது இதுதான்.