காதணி விழாவும் கிராபிக்ஸ் கார்டும்

போட்டோஷாப்பில் வேலை நடக்கிற கடை ஏதாவது ஒன்றில் நுழைந்து, "ஏங்க, கம்ப்யூட்டர் இவ்வளவு ஸ்லோவா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வருகிற பதில், "கிராபிக்ஸ் கார்டு பத்தலை சார்!"

பெயரிலேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கிராபிக்ஸ் வேலைக்கு அதுதானே வேண்டும்? என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் நம்பினார். ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவர். கம்ப்யூட்டர் விற்கிறவர், "இதை மாட்டுங்க, சும்மா பறக்கும்" என்று உசுப்பிவிட, 30,000 ரூபாய்க்குத் தவணையில் ஒரு கார்டு வாங்கினார். உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கெல்லாம் எரிந்தது. பேனர் மட்டும் நகர மறுத்தது. "தவணைதான் சார் பறந்து வருது" என்று புலம்பினார்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ராம் என்பது கல்லாவில் இருக்கும் ரொக்கம். போட்டோஷாப் முதலில் அதைத்தான் செலவழிக்கும். தீர்ந்துபோனால் டிஸ்க்கில் கை வைக்கும். அதற்கு 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று பெயர். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அது கந்துவட்டி. நொடிக்கு 150 எம்.பி. தருவதற்குள் மூச்சு வாங்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. 500 வரை தரும். வட்டி குறைவு. ஆனாலும் கடன் கடன்தான்.

அப்படியானால் கிராபிக்ஸ் கார்டு தண்டமா? இல்லை. 2008-ல் வந்த சி.எஸ்.4 முதல் படத்தைப் பெரிதாக்க, சுழற்ற, பிறகு சில ஃபில்டர்களுக்கு என்று அதன் உதவி கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் கல்லா காலியாகிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2023-ல் வந்த 'ஜெனரேட்டிவ் ஃபில்' இருக்கிறதே, சொன்னதை வரைந்து தரும் மாயம், அது நடப்பது அடோபி கம்பெனியின் சர்வரில். அங்கே உங்கள் கார்டுக்கு வேலையே இல்லை.

செலவில்லாமல் நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போட்டோஷாப் ஜன்னலின் அடியில், ஃபைல் அளவு காட்டும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவிகிதம் என்றால் ராமிலேயே வேலை ஓடுகிறது. குறைந்தால் டிஸ்க்கில் கடன் ஓடுகிறது. நண்பரின் திரையில் அது 40-ஐத் தாண்டவில்லை.

அவரிடம் இருந்தது 8 ஜி.பி. ராம். அடோபி 'குறைந்தபட்சம்' என்று சொல்வது அதைத்தான், 'பரிந்துரை' 16. இந்த இரண்டு எண்களும் எவ்வளவு பெரிய வேலைக்கு என்று சொல்வதில்லை என்பதுதான் என் முதல் குறை. குறைந்தபட்சம் என்றால் கடை திறக்கும். வியாபாரம் நடக்கும் என்று அர்த்தமில்லை!

இரண்டாவது குறை நம்மேல். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு காதணி விழா பேனர். 10 அடிக்கு 8 அடி. ரெசொல்யூஷன்? "300 சார், குவாலிட்டி முக்கியமில்லையா!" கால்குலேட்டரை எடுத்தேன். 36,000 பெருக்கல் 28,800. சுமார் 103 கோடி புள்ளிகள். புள்ளிக்கு நாலு கலர் என்றால், முழுசாக நிரம்பிய ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 4 ஜி.பி.! தாய்மாமன் படம், பூ, தோரணம் என்று லேயர்கள் ஏற ஏற என்ன ஆகும்? ஒரு பக்கம் 30,000 புள்ளிகளைத் தாண்டினால் வழக்கமான பி.எஸ்.டி.யாகச் சேமிக்கவே முடியாது. அந்த எச்சரிக்கையையும் இவர் மதிக்கவில்லை.

300 என்பது கையில் பிடித்துப் பார்க்கிற கல்யாணப் பத்திரிகைக்கு. தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிற பேனருக்கு 72 போதும். அதே பேனர், அதே லேயர், 240 எம்.பி.க்குள் அடங்கிவிடும். பதினேழில் ஒரு பங்கு!

விற்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "நீங்க என்ன வேலை செய்யறீங்க? எவ்வளவு பெரிசு?" கேட்டிருந்தால் கார்டு விற்றிருக்காது. வாங்குகிற நாமாவது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? முதலில் வேலையின் அளவு, அடுத்து ராம், அப்புறம் எஸ்.எஸ்.டி. விளக்கு எரிகிற சமாசாரமெல்லாம் கடைசி.

நண்பர் 72-க்கு மாறிவிட்டார். பேனர் ஓடுகிறது. அந்தக் கார்டு? ராத்திரியில் அவர் மகன் அதில் கேம் ஆடுகிறான். அவனுக்கு சும்மா பறக்கிறதாம்.