அப்பாச்சிகளுக்கு ஏன் பகடை போடவில்லை?

1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பு மூணு சின்னப் புத்தகங்கள். மூணாவதில் சில அட்டவணைகள் உண்டு. பாதாளத்தை விட்டு வெளியே வந்து காட்டிலும் பாலையிலும் திரிகிறவர்களுக்கு எதிரே என்ன வரும் என்று பகடை உருட்டிப் பார்த்துக்கொள்ள. அதில் வறண்ட சமவெளிக்கான பட்டியலில் தோட், காலட், பாந்த், வெள்ளைக் குரங்கு என்றெல்லாம் பெயர்கள் வரும். அது எப்படி இருக்கும், எத்தனை அடி தாங்கும், கடிக்குமா உதைக்குமா, தனித்தனியாக ஒரு விவரமும் கிடையாது. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வாங்குகிறவன் எட்கர் ரைஸ் பர்ரோஸின் செவ்வாய்க் கதைகளை ஏற்கெனவே படித்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு. கேரி கைகாக்ஸ் தன் முன்னுரையிலேயே, இந்தக் கதைகள் பிடிக்காதவர்களுக்கு இந்த ஆட்டமும் பிடிக்காது என்கிற அர்த்தத்தில் சொல்லிவிடுகிறார்.

பின்னால் வந்த பதிப்புகளில் செவ்வாய் மிருகங்கள் காணாமல் போயின. அதே 1974-ல் கைகாக்ஸும் பிரையன் புளூமும் செவ்வாய்ப் போர்களுக்கென்றே அனுமதி வாங்காமல் போட்ட இன்னொரு விதிப்புத்தகமும் சீக்கிரமே விற்பனையிலிருந்து போய்விட்டது. ஆக, பர்ரோஸ் பெயரளவில் வெளியேறிவிட்டார்.

இந்த ஆட்டத்தின் வேர்களைத் தோண்டுகிறவர்கள் எல்லாரும் போய் நிற்கிற இடம், 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் கடைசியில் இருக்கும் பின்னிணைப்பு என். கைகாக்ஸுக்குப் பிடித்த எழுத்தாளர்களின் பட்டியல் அது. அதை வைத்துக்கொண்டு, மந்திரத்தை மனப்பாடம் பண்ணி ஒருமுறை சொன்னதும் மறந்துபோவது ஜாக் வான்ஸிடமிருந்து வந்தது, வெட்டினாலும் மறுபடி முளைக்கிற ட்ரோல் பால் ஆண்டர்சனிடமிருந்து வந்தது என்று அடையாளம் காட்டுவார்கள். சரிதான், சுவாரசியம்தான். ஆனா இதெல்லாம் பொருள் கணக்கு. யார் வீட்டு அண்டா யார் வீட்டில் இருக்கு என்கிற மாதிரி. எனக்கு வேறு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பர்ரோஸ் கதையின் குணம் இந்த ஆட்டத்தில் எங்கே இருக்கிறது?

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆல்-ஸ்டோரி என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. பல்ப் என்றால் நம்ம சாணித்தாள்தான். மலிவுத்தாளில் அச்சாகி, படித்ததும் தூக்கிப்போடுகிற வகை. 1917-ல் 'எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்' என்று புத்தகமானது. ஜான் கார்ட்டர் என்கிற முன்னாள் ராணுவ கேப்டன் அரிசோனாவில் ஒரு குகைக்குள் புகுந்து, செவ்வாயில் கண் விழிக்கிறான். பாஷை தெரியாது. நடக்கக்கூடத் தெரியாது, ஓர் அடி எடுத்து வைத்தால் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் எங்கேயோ போய் விழுகிறான். நாலு கை உள்ள பச்சை மனிதர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இனி வாளை உருவி எல்லாரையும் வெட்டுவான் என்று நினைப்போம். வெட்டுவதும் உண்டு, நிறையவே. ஆனா அவனுக்குச் செவ்வாய் வசப்படுவது வேறு வழியில். காவலுக்கு விட்ட ஊலா என்கிற பத்துக்கால் பிராணியை, கொல்ல வந்தவர்களிடமிருந்து காப்பாற்றுகிறான். அது சாகிறவரை அவனை விட்டுப் பிரியாத ஜீவனாகிறது. அடித்து உதைத்து மட்டுமே பழக்கிய தோட்களிடம் அன்பாக இருந்து பார்க்கிறான். அவை நாய்க்குட்டி மாதிரி பின்னால் வருகின்றன. சோலா என்ற பெண் பாஷை கற்றுத் தருகிறாள். டார்ஸ் டார்க்கஸ் என்ற முரட்டுத் தளபதி நண்பனாகிறான். பார்த்தவுடன் எதிரி என்று தோன்றுகிறவன் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்க முடிகிறதென்றால் இதனால்தான். (இளவரசி டீஜா தோரிஸை அவன் மீட்பதெல்லாம், மன்னிக்கணும், எனக்குக் கொட்டாவி.)

இந்தக் குணம் ஆட்டத்தில் ஒரே ஒரு விதியில் உட்கார்ந்திருக்கிறது: எதிர்வினைப் பகடை. எதிரே ஒரு ஜந்து வந்தால், அது என்ன நினைக்கிறது என்று நடத்துபவர் முன்கூட்டியே முடிவு பண்ணுவதில்லை. ரெண்டு ஆறுபக்கப் பகடை போடுகிறார். 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பில் கணக்கு இப்படி: 2 விழுந்தால் உடனே பாய்ச்சல், 3 முதல் 5 வரை விரோதம், 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்காது, பேசிப் பார்க்கலாம், 12 என்றால் உற்சாகமான நட்பு. 36 சேர்க்கைகளில் 16, அந்த நடுவிலுள்ள குழப்பத்தில்தான் போய் விழுகிறது. அதாவது பல சமயம் எதிரே நிற்பதும் நம்மைப் போலவே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. வம்சாவளி பார்த்தால் போர் விளையாட்டுகளில் படை நிற்குமா ஓடுமா என்று போடும் பகடையின் சாயல் இதில் தெரியும். நான் சொல்வது குணத்தை.

இதோடு புள்ளிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும். அதே பதிப்பில் ஒரு ஓர்க்கைக் கொன்றால் 10 அனுபவப் புள்ளி. 10 தங்கக்காசை ஊர் கொண்டுவந்து சேர்த்தாலும் 10 புள்ளி. முதல் நிலை வீரனின் உயிரோ பெரும்பாலும் எட்டுக்குள், ரெண்டு குத்தில் காலி. அப்போ எவனாவது சண்டைக்குப் போவானா? பேசுவான், லஞ்சம் கொடுப்பான், சோறு போடுவான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் காசுக்குப் புள்ளி இல்லை. எதிராளியின் ஆரம்ப மனநிலையையும் நடத்துபவரே முடிவு செய்துகொள்ளலாம். அங்கேதான் பர்ரோஸ் நிஜமாகவே வெளியேறினார் என்பேன், மிருகப் பெயர்களை எடுத்தபோது அல்ல.

இவ்வளவு வரைக்கும் பெருமையாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். இதை நிரூபிக்கிற மாதிரி, வற்றிய கடல்தளத்தில் ஒரு குட்டி ஆட்டமும் தயார் பண்ணி நண்பர்களோடு உட்கார்ந்தேன். அஞ்சு பேர். முதல் காட்சி, புத்தகத்தில் உள்ளபடியே: மலைப்பாதையில் ஒரு கூட்டம் துரத்துகிறது, ஆட்டக்காரர்கள் குகைக்குள் ஓடுகிறார்கள், கண் விழித்தால் செவ்வாய். அங்கே பச்சை மனிதர்கள் வந்தார்கள், பகடையில் 9 விழுந்தது, மணலில் படம் வரைந்து பேசினார்கள், ரொம்ப நன்றாகப் போனது. முடிந்து டீ குடிக்கும்போது கூட்டத்திலேயே சின்னவள் கேட்டாள்: "அண்ணா, செவ்வாயில வந்த எல்லாருக்கும் பகடை போட்டீங்க. முதல்ல துரத்துனவங்களுக்கு ஏன் போடல?"

அது கதையைத் தொடங்குவதற்கு மட்டும்தான்மா என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து முதல் அத்தியாயங்களை மறுபடி படித்தேன்.

புத்தகத்தில் துரத்துகிறவர்கள் அப்பாச்சிகள். கார்ட்டரின் கூட்டாளி பவலைக் கொன்றவர்கள். அவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. குகை வாசல் வரை வந்து, உள்ளே எதையோ கண்டு மிரண்டு ஓடுகிறார்கள், அதோடு சரி. சில பக்கம் தள்ளிப் போனால் அதே நிலைமை மறுபடி வருகிறது. வறண்ட நிலம், சவாரி செய்து வரும் போர்க்குடி, ஈட்டி. ஆனால் இவர்களுக்கு நாலு கை. இவர்களுக்குப் பெயர் உண்டு, மொழி உண்டு, மறைத்து வைத்த காதலும் மகளும் உண்டு. பர்ரோஸே 1896-ல் அரிசோனாவின் கிராண்ட் கோட்டையில் ஏழாவது குதிரைப்படையில் சிப்பாயாக இருந்தவர். பக்கத்தில் வாழ்ந்த மனிதர்களுக்குத் தர முடியாத முகத்தை, யாருமே பார்த்திராத பச்சை மனிதர்களுக்குத் தந்திருக்கிறார். அப்பாச்சிகளுக்கு அவர் பகடையே போடவில்லை.

கார்ட்டரின் அன்பும் கடைசியில் எங்கே போய் முடிகிறது? அந்தப் பச்சைப் படையைத் திரட்டி ஸோடாங்கா நகரத்தைச் சூறையாடுவதில். 'அன்பாகப் பழக்கினால் நன்றாக வேலை செய்யும்' என்பது தோட்டுக்கு மட்டும் சொன்னதில்லை போல. கார்ட்டர் வர்ஜீனியாக்காரன், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் கேப்டன். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தால் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

அதனால் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இதே சாணித்தாள் உலகத்திலேயே பதில் இருக்கிறது: லீ பிராக்கெட். பின்னிணைப்பு என்-இல் நூல் பெயர்கூட இல்லாமல் வெறும் பெயராக நிற்கிறவர். ஹாலிவுட்டில் 'தி பிக் ஸ்லீப்' திரைக்கதையில் வில்லியம் ஃபாக்னரோடு பெயர் போட்டவர். 1949-ல் பிளானட் ஸ்டோரீஸ் பத்திரிகையில் அவர் கொண்டுவந்த எரிக் ஜான் ஸ்டார்க், புதன் கிரகத்துப் பழங்குடிகளிடம் வளர்ந்தவன். பூமியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் அவர்களைக் கொன்றுவிட்டு அவனைக் கூண்டில் போடுகிறார்கள். கதை தொடங்கும்போது, சுரங்க நிறுவனத்தை எதிர்க்கும் வெள்ளிக்கிரகத்து மக்களுக்குத் துப்பாக்கி கடத்தியதற்காக அவனைத் துரத்துகிறார்கள். பிராக்கெட்டின் செவ்வாயில் பூமிக்காரன் நுழைந்தால் கடைத்தெருவே அவனை முறைக்கிறது. அங்கே வந்து சேர்ந்தவன் யார் என்று ஊர்க்காரர்கள்தான் பகடை போடுகிறார்கள். ஆட்டம் நடத்துகிறவருக்கு இதைவிட உபயோகமான மாதிரி இல்லை. என் செவ்வாயில் இப்போது கார்ட்டரைவிட இவர் சாயல்தான் அதிகம். நாய் மட்டும் பர்ரோஸிடமிருந்து. ஊலாவை எப்படி விடுவது?

போன வாரம் முதல் காட்சியை மறுபடி ஆடினோம். துரத்துகிறவர்களுக்கும் பகடை போட்டேன். 4 விழுந்தது, விரோதம். துரத்தல் முன்போலவே நடந்தது, குகைக்குள் ஓடவும் செய்தார்கள். ஆனால் சின்னவள் வாசலிலேயே நின்றுகொண்டு, வெளியே இருக்கிற ஆளிடம் எதற்காகத் துரத்துகிறீர்கள் என்று கேட்டாள். அவன் பெயரையும் கேட்டாள். என் குறிப்பில் பெயர் இல்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லி, பென்சிலை எடுத்தேன்.