தவணையில்லாப் பிரிவு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை ஓதல், பகை, தூது, காவல், பொருள் என வகுத்த தொல்காப்பியர், அதனோடு நில்லாமல், கல்வியின் பொருட்டுப் பிரிந்தவன் மூன்று யாண்டுக்கு மேலும், வேந்தன் காரியமாகப் பிரிந்தவன் ஓர் யாண்டுக்கு மேலும் தங்கலாகாது என்று காலவரையறையும் செய்துவைத்தார். ஆகவே, பாலையின் கொடுமை எத்துணை இருந்தபோதிலும் நம் அகப்பாட்டின் தலைவிக்குக் கார்காலம் என்றொரு தவணை உண்டு. ஒரே மொழி பேசும் ஒரே நிலத்தை இரண்டு ஸர்க்கார்கள் கூறிட்டுக்கொண்டு, கணவனை ஒரு புறத்திலும் மனைவியை மறுபுறத்திலும் நிறுத்திவிடும்போது நேரும் பிரிவுக்கோ அத்தகைய தவணை கிடையாது. இந்தப் பிரிவு எழுத்தில் எவ்வாறு பதிவாயிற்று என்று ஆராயப் புகுவோர்க்குப் புதுச்சேரியைக் காட்டிலும் தக்க இடம் தமிழகத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

1908-இல் பாரதியார், பிரஞ்சு ஆட்சியிலிருந்ததால் பிரிட்டிஷ் போலீஸாரின் கைக்கு எட்டாத இவ்வூரில் வந்து தங்கினார்; 1910-இல் ஏப்ரல் மாதம் அரவிந்தரும், அவ்வாண்டின் பிற்பகுதியில் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பாரதியாரின் மனைவி செல்லம்மாளும் ஐயரின் மனைவி பாக்கியலட்சுமியும் பின்தொடர்ந்து வந்து, வறுமையிலும் ஒற்றர்களின் கண்காணிப்பிலும் இங்கேயே குடித்தனம் நடத்தினார்கள். அவர்களுக்குக் கணவன் கிட்டினான், பிறந்தகம் தொலைவாயிற்று. எல்லைக்கோடு யாரையேனும் ஒருவரிடமிருந்து பிரித்தே தீரும் என்பதை ஏனோ நம் சரித்திரக்காரர்கள் கவனிப்பதில்லை.

வராமலே போனவர் மிருணாளினி தேவி. 1901-இல் அரவிந்தருக்கு வாழ்க்கைப்பட்டபோது அவருக்குப் பதினான்கு வயது. பரோடாவில் உத்தியோகம், பின்னர் வங்காளத்தில் அரசியல் என்று கணவர் அலைந்த காலத்திலேயே அவர்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்கள் சொற்பம். 1905-இல் அரவிந்தர் மனைவிக்கு வங்காளியில் எழுதிய ஒரு கடிதத்தில் தம்மைப் பற்றியிருக்கும் மூன்று பைத்தியங்களை விவரித்து, அவற்றில் தமக்குத் துணையாக வருவாயா என்று கேட்டிருந்தார். 1908-இல் போலீஸார் வீட்டைச் சோதனையிட்டபோது மனைவிக்கு எழுதிய கடிதங்களும் அகப்பட்டன. அலிப்பூர் சதி வழக்கில் அவை நீதிமன்றத்திலே சாட்சியப் பொருளாக வைக்கப்பட்டன. தம்பதிகளின் அந்தரங்கத்தை ஸர்க்கார் வக்கீலே உரக்க வாசித்துக் காட்டும் நிலைமை நம் பழைய உரையாசிரியர் எவரும் கற்பனை செய்திராத ஒரு துறை. அரவிந்தர் புதுச்சேரியை அடைந்தபின் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக மிருணாளினி காத்திருந்தார். எல்லை மட்டுமே காரணமன்று, கணவரின் யோகமும் காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் புறப்பட்டு வருவதற்குச் சம்மதம் கிடைத்த வேளையில், 1918-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலுக்குக் கல்கத்தாவில் அவர் பலியானார். அதற்கு மூன்று நாள் முன்னர்தான், எல்லையைக் கடந்த மாத்திரத்தில் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்த பாரதியார் விடுதலை பெற்று, செல்லம்மாளின் ஊராகிய கடையத்தை நோக்கிச் சென்றார்.

ஆச்சரியம் என்னவெனில், இத்தனையும் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து எழுதியவர்கள் இதை எழுதவில்லை. ஐயர் இங்கிருந்த காலத்தில் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ இளம் மனைவி ஒருத்தி கணவனை இழக்க நேரும் கதைதான்; ஆனால் அவளைப் பிரிப்பது தகப்பனாரின் சொத்து கரைந்ததும் மாமனார் மாமியாரின் பேராசையுமே. பாரதியாரின் குயிலோ மாஞ்சோலையிலேயே பாடித் தீர்க்கிறது. சோலைக்கு அப்பால் நின்ற சுங்கச்சாவடி அதன் கண்ணில் படவில்லை. அந்த வாழ்க்கையின் சுவடுகளை நாம் காண்பது பிற்காலத்தில் செல்லம்மாள் சொல்லிய சரித்திரத்திலும் யதுகிரி அம்மாளின் நினைவுகளிலுமே. கவிதை விட்டதைப் பெண்களின் ஞாபகம் பொறுக்கிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

1947-க்குப் பின் நிலைமை விபரீதமாயிற்று. பிரஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரும் வில்லியனூரும் மண்ணாடிப்பட்டும் ஒரே பரப்பாக அமையாமல், இடையிடையே இந்திய கிராமங்கள் புகுந்த துண்டுகளாகக் கிடந்தன. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த வேற்றுமையைப் பாராமலே. 1949-இல் சுங்க உடன்படிக்கை முடிவுற்றபோது, சம்பந்தி வீட்டுக்குச் சீர்வரிசை கொண்டுபோவதும் பரிசோதனைக்குரிய காரியமாயிற்று. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய நூல்கள் பல உள. சோதனைச்சாவடியில் காத்து நின்ற மருமகளைப் பற்றி ஒரு நாவலை நான் கண்டதில்லை.

கடலுக்கு அப்பால் இப்படி நேரவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டபோது, குடும்பங்கள் நடுவே பிளந்தன. தலைமன்னார்த் துறையில் நிகழ்ந்த அந்தப் பிரிவை மலையகச் சிறுகதை உடனுக்குடன் தன் பொருளாக்கிக்கொண்டது. அங்கே இரு தரப்புக்கும் நஷ்டமே மிஞ்சியது. புதுச்சேரியிலோ, 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்புச் சட்டபூர்வமானபின், ஆறு மாதத்துக்குள் பிரஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. சைகோனில் பட்டாளத்திலும் உத்தியோகத்திலும் இருந்தோர் குடும்பங்கள் பலவற்றுக்கு அது ஓய்வூதியத்தையும் பாரீஸ் வாசத்தையும் குறித்தது. லாபம் கலந்த துக்கம் காவியத்துக்கு ஏலாது என்று நம் எழுத்தாளர்கள் கருதினார்கள் போலும். என் எண்ணம் நேர்மாறானது. நாவலுக்கு அதனினும் சிறந்த விஷயம் கிடைப்பது அரிது. பிரஞ்சுக் குடியுரிமை உள்ள வரன் என்றால் இன்றைக்கும் இவ்வூர்க் கல்யாணச் சந்தையில் மதிப்பு ஏறுகிறது. தாலி கட்டியவன் பாரீஸுக்கு விமானம் ஏறிவிட, மணப்பெண் தூதரகத்தில் விசாவுக்கு மனுக் கொடுத்துவிட்டு மாமியார் வீட்டில் இருக்கிறாள்.