மன்னிப்புக் கேட்பதும் மனந்திரும்புவதும்: “ஷுகர்கேன்” ஆவணப்படம் குறித்து

மிஷன் வரலாற்றை நாம் பெரும்பாலும் அனுப்பியவர்களின் ஏடுகளிலிருந்தே கற்கிறோம். எத்தனை பள்ளிகள் நிறுவப்பட்டன, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பனவற்றை ஆண்டறிக்கைகள் நமக்குத் தவறாமல் சொல்லுகின்றன. அப்பள்ளியின் வாசலுக்குள் கொண்டுவரப்பட்ட பிள்ளை எதைக் கண்டது, எதைச் சுமந்துகொண்டு வெளியே சென்றது என்பதை அவை சொல்லுவதில்லை. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த “ஷுகர்கேன்” என்னும் ஆவணப்படம் இந்தக் குறையை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆகவே இறையியல் பயில்வோரும் ஆயர்மாரும் இதனைக் கருத்தூன்றிக் காணவேண்டும் என எண்ணுகிறோம்.

ஜூலியன் பிரேவ் நொய்ஸ்கேட், எமிலி கேசி ஆகிய இருவரும் இப்படத்தை இயக்கியுள்ளனர். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்கத்திற்கான விருதைப் பெற்ற இப்படம், பின்னர் ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வில்லியம்ஸ் லேக் நகருக்கு அருகிலுள்ள பூர்வகுடியினர் குடியிருப்பின் பெயரே படத்தின் பெயர். அதற்கு அண்மையில், ஆப்லேட் சபைக் குருக்களின் பொறுப்பில் 1891 முதல் 1981 வரை நடைபெற்றது செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் உறைவிடப் பள்ளி. 1902-இல் அங்கிருந்து தப்பியோடிய சிறுவன் ஒருவன் வழியிலேயே இறந்து கிடந்தான். 1920-இல் ஒன்பது சிறுவர்கள் கூடி நச்சுச் செடியைத் தின்றனர்; அவர்களில் ஒருவன் மாண்டான். சாவைத் தேடிப் பிள்ளைகள் செல்லும் அளவிற்கு ஒரு கிறிஸ்தவப் பள்ளி இருந்தது என்பதை நாம் எளிதில் கடந்துசெல்ல இயலாது.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், காம்லூப்ஸ் நகரிலிருந்த மற்றோர் உறைவிடப் பள்ளியின் வளாகத்தில், அடையாளமற்ற கல்லறைகள் இருக்கக்கூடும் என்று ராடார் கருவி வாயிலாக அறிவிக்கப்பட்டது. வில்லியம்ஸ் லேக் மக்களும் தங்கள் நிலத்தில் ஆய்வைத் தொடங்கினர். கல்லறைகளாக இருக்கக்கூடிய 93 இடங்களை 2022 ஜனவரியில் அறிவித்தனர். இவை அகழ்ந்து உறுதி செய்யப்பட்டவை அல்ல என்பதை நாம் மனதிற் கொள்ளவேண்டும். ஆனால் இப்படத்தின் வாதம் கருவியின் அளவீட்டைச் சார்ந்து நிற்கவில்லை. உயிரோடிருப்போரின் சாட்சியத்தையே அது சார்ந்து நிற்கிறது. சார்லீன் பெல்லோ, விட்னி ஸ்பியரிங் ஆகிய இரு பெண்கள் பழைய ஏடுகளைப் புரட்டி, முதியோரின் வாய்மொழியைக் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடும் பணி, வரலாறு எழுத விரும்பும் எவருக்கும் நல்லதொரு பாடம்.

படத்தின் நெஞ்சம் இரண்டு மனிதரிடத்தில் இருக்கிறது. ஒருவர் இயக்குநரின் தந்தையாகிய எட் ஆர்ச்சி நொய்ஸ்கேட். 1959-இல், பிறந்த குழந்தையாக, அப்பள்ளியின் குப்பை எரியுலையிலிருந்து மீட்கப்பட்டவர் அவர். தாம் கைவிடப்பட்டதை அறிந்த அவரே பின்னர் தம் மகனைக் கைவிட்டுச் சென்றவர். தந்தையும் மகனும் நெடும்பயணம் ஒன்றில் இதனை ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பகுதி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பாவத்தைக் குறித்து நாம் வகுப்பறையில் படிக்கும் பக்கங்களைவிடத் தெளிவாகப் போதிக்கிறது. எட் அவர்களின் தாயாரோ மிகக் குறைவாகவே பேசுகிறார். பேசச் சொல்லி எவரும் அவரை நெருக்கவில்லை. புகைப்படக் கருவி காத்திருக்கிறது, பின்னர் விலகிக்கொள்கிறது. யோபுவின் நண்பர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அவர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் அமர்ந்திருந்ததே. துயருற்றோரைச் சந்திக்கும் ஆயர் இப்பகுதியிலிருந்து கற்கவேண்டியது மிகுதி.

மற்றவர் ரிக் கில்பர்ட். முன்னாள் குலத்தலைவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். அப்பள்ளியில் பணிபுரிந்த குரு ஒருவரின் குடும்பத்தோடு தமக்கு இரத்த உறவு உண்டென்பதை மரபணுச் சோதனையின் மூலம் அறிய நேரிட்டவர். ஆயினும் அவர் ஆலயத்தை விட்டு நீங்கவில்லை. அவரை ஏமாளியாகவோ திருப்பொருள்களின் காவலராகவோ மட்டும் காட்டாமல், காயத்தையும் விசுவாசத்தையும் ஒருங்கே சுமக்கும் மனிதராகக் காட்டியிருப்பது இப்படத்தின் நேர்மைக்குச் சான்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் போப்பு பிரான்சிஸ் ரோமாபுரியில் கனடாவின் பூர்வகுடிப் பிரதிநிதிகளிடம் மன்னிப்புக் கேட்டபோது, கில்பர்ட்டும் அங்கிருந்தார். அந்நாள்களில் ஆப்லேட் சபையின் தலைவரைச் சந்தித்தபோது, வருந்துவது முதற்படி மட்டுமே, அதற்குப்பின் செயல் வேண்டும் என்ற கருத்தைத் திருமறையின் பெயராலேயே அவர் எடுத்துரைக்கிறார். திருச்சபைக்குத் திருமறையைக் கற்பிக்கிறவர் இங்கே திருச்சபையால் காயமுற்றவரே. இப்படத்தின் உச்சம் இதுவே என்பது நம் துணிபு. கில்பர்ட் 2023-இல் காலமானார்.

குறைகளும் இல்லாமலில்லை. பல கதைகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்வதால், ஆய்வு எதை நிறுவியது என்பது சில இடங்களில் தெளிவுபடவில்லை. அதனினும் முக்கியமானது வேறொன்று. இப்பள்ளிகளைத் தோற்றுவித்த அரசின் கொள்கையைப் படம் மிகச் சுருக்கமாகவே தொடுகிறது. 1920-இல் பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதைச் சட்டம் கட்டாயமாக்கியது. அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாகிய பீட்டர் பிரைஸ் 1907-இலேயே பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் மடிவதை அறிக்கையிட்டார். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்பள்ளிகளின் வழியே சென்றனர். அவர்களுள் 4,100-க்கும் மேற்பட்டோரின் மரணம் இன்று பெயரேடுகளில் பதிவாகியுள்ளது. உண்மை மற்றும் ஒப்புரவு ஆணைக்குழு 2015-இல் இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே தீர்மானித்தது.

இப்பின்னணியை அறியாது படத்தைக் காணும் புரொட்டஸ்டண்டு வாசகர், இது ரோமச் சபையின் பாவம் என்று எண்ணி நிம்மதியோடு எழுந்துசெல்லக்கூடும். அந்த நிம்மதிக்கு இடமில்லை. பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகள் கத்தோலிக்கருடையவை என்பது மெய்யே. எஞ்சியவற்றை நடத்தியவர்கள் ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டேரியர், மெதடிஸ்டுகள், பின்னர் கனடா ஐக்கிய திருச்சபையார். 1925-இல் உருவான அந்த ஐக்கிய திருச்சபையை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த நாம் நமக்கு முன்சென்ற ஐக்கியமாகப் பெருமையோடு நினைவுகூருகிறோம். அப்பெருமையில் பங்குண்டெனில், அதன் கண்ணீரிலும் நமக்குப் பங்கு உண்டு.

அத்திருச்சபையின் வரலாறு கில்பர்ட்டின் கூற்றுக்கு விளக்கவுரை போலவே அமைந்துள்ளது. 1986-இல் சட்பரி நகரில் கூடிய அதன் பேரவை பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 1988-இல் அம்மக்கள் அளித்த மறுமொழியில், மன்னிப்புக் கோரிக்கையை அங்கீகரித்தனர். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. அதன் நினைவாக எழுப்பிய கற்குவியலும் வேண்டுமென்றே முற்றுப்பெறாமல் விடப்பட்டது. உறைவிடப் பள்ளிகளைக் குறித்துத் தனியாக மன்னிப்புக் கேட்க அத்திருச்சபைக்கு 1998 வரை சென்றது. ஆங்கிலிக்கர் 1993-லும் பிரஸ்பிட்டேரியர் 1994-லும் தங்கள் அறிக்கையைச் செய்தனர்.

இங்குதான் நமக்குரிய இறையியல் வினா எழுகிறது. நமது வழிபாட்டில் பாவ அறிக்கைக்குப் பின்னர் உடனே மன்னிப்பின் வார்த்தை ஒலிக்கிறது. இரண்டுக்கும் இடையே சில விநாடிகளே. தேவனுக்கு முன்பாக இது கிருபையின் அதிசயம். ஆனால் தீங்கிழைக்கப்பட்ட மனிதருக்கு முன்பாக அவ்விடைவெளியை நாமே நிரப்பிக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை. பலிபீடத்தின் முன் காணிக்கையை விட்டுவிட்டுச் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். சகேயு வருந்தியதோடு நில்லாமல் நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்தினான். மன்னிப்புக் கேட்பவர் தாமே மன்னிப்பின் காலத்தையும் குறித்துவிடுவாராயின், அவர் இன்னும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே பொருள். சட்பரியின் முற்றுப்பெறாத கற்குவியல் இதனை ஒரு பிரசங்கத்தைவிட நன்றாக உணர்த்துகிறது.

மிஷன் வரலாறு, ஆயர்பணி இறையியல் ஆகிய பாடங்களைக் கற்பிப்போர் இப்படத்தை மாணவரோடு அமர்ந்து காண்பார்களாக. பார்த்தபின் நன்மைகளின் பட்டியலைத் தயாரித்து எதிர்வாதம் செய்ய விரைதல் வேண்டாம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் செய்த நன்மைகளை மறுப்பவர் எவருமிலர். ஆயினும் அந்த நன்மை இந்தப் பிள்ளைகளின் கணக்கில் வரவு வைக்கப்பட முடியாதது. முதலாவது கேட்போம். செய்யவேண்டியது எது என்பதைக் காயமுற்றோரே நமக்குச் சொல்லட்டும்.