கல்குடாவைப் பொதி கட்டுவது எப்படி: கியூஜிஐஎஸ், ஜியோபெக்கேஜ், கியூஃபீல்ட்

ஓர் ஊரின் வரைபடத் தரவைத் தாருங்கள் என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பென்டிரைவ்தான். அதற்குள் எம்பிகே என்று முடியும் ஒற்றைக் கோப்பு இருக்கும். இல்லையென்றால் ஒரே பெயரில் ஐந்தாறு கோப்புகள் இருக்கும். முதலாவது ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருள் கட்டிய பொதி, இரண்டாவது ஷேப்ஃபைல். இவற்றைப் பிரித்து, மட்டக்களப்பு மாவட்டத்துக் கரையோர ஊரான கல்குடாவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, சிக்னல் இல்லாத இடத்திலும் ஃபோனில் திறக்கிற மாதிரி மறுபடி கட்ட முடியுமா என்று கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் செய்து பார்த்தேன். முடிகிறது, அதுவும் காசில்லாமல். ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதி வைக்க விரும்புகிறவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இந்த மென்பொருளின் சில அமைப்புகளைக் கவனிக்காமல் விட்டால் வேலை கெடும்.

முதலில் எம்பிகே. ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் இல்லாமல் இதைத் தொடவே முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது அமுக்கிக் கட்டிய ஓர் உறைதான். செவன்-சிப் என்ற இலவச நிரலால் பிரித்தால் உள்ளே கொமன்டேட்டா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஜிடிபி என்று முடியும் இன்னொரு ஃபோல்டர். தரவு அங்கேதான் இருக்கிறது. அந்த ஃபோல்டரை அப்படியே இழுத்து கியூஜிஐஎஸ்ஸில் போட்டால் லேயர்கள் வந்துவிடும். நிறங்களும் குறியீடுகளும் வராது. அவை எம்எக்ஸ்டி என்ற கோப்பில் இருக்கின்றன. அதைக் கியூஜிஐஎஸ் தானாக வாசிப்பதில்லை. வீதிகளுக்கு நிறம் தீட்டுவது அரை மணி நேர வேலை என்பதால் இதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை.

தரவு தர யாருமே இல்லையென்றால் யாரும் வரையக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மெப் இருக்கிறது. மட்டக்களப்புக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. உலக வங்கியின் ‘ஓபன் சிட்டீஸ்’ திட்டத்தில் காத்மாண்டு, டாக்காவோடு சேர்ந்து மட்டக்களப்பும் இடம்பெற்றது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டடங்களை அப்போது வரைந்தார்கள். கல்குடா அந்த எல்லைக்கு வெளியே, வடக்கே கோறளைப்பற்றில் இருக்கிறது. ஆகவே மட்டக்களப்பு நகரத்தின் அடர்த்தியை எதிர்பார்த்து இங்கே வரக் கூடாது.

ஜெர்மனியின் ஜியோஃபாப்ரிக் தளம் இலங்கை முழுவதையும் பிபிஎஃப் என்ற வடிவில் ஒரே கோப்பாகத் தருகிறது, நாள்தோறும் புதுப்பிக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ்ஸில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெயருக்கென்று ஒரு பத்தி தனியாக இருக்கிறது. அதில் ஆங்கிலமும் இருக்கலாம், சிங்களமும் இருக்கலாம். தமிழ் வடிவம் ‘பிற குறிகள்’ என்ற பத்திக்குள் வேறு பலவற்றோடு ஒரே சரமாகத் திணிக்கப்பட்டிருக்கும். கருவிப் பெட்டியில் ‘எக்ஸ்ப்ளோட் ஹெச்ஸ்டோர்’ என்ற கருவி அந்தச் சரத்தைப் பிரித்துத் தனித்தனிப் பத்திகளாக்கித் தருகிறது. தமிழ்ப் பெயரே இல்லை என்று சலிக்குமுன் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெட்டி எடுப்பது. இதற்கு ‘கிளிப்’, ‘இருப்பிடத்தால் எடு’ என்று இரண்டு கருவிகள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. கிளிப் கத்தியால் அறுக்கிறது. மட்டக்களப்புக்குப் போகும் ரயில் பாதை வாழைச்சேனை, கல்குடா வழியாகப் போகிறது அல்லவா, அதைப் பிரதேச எல்லையில் துண்டாக்கிவிடும். ‘இருப்பிடத்தால் எடு’ என்றால் எல்லையைத் தொட்ட துண்டு முழுசாக வரும். வரைபடம் அச்சிட கிளிப் நல்லது; கணக்கெடுக்க மற்றதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் கிளிப் உருவத்தை அறுக்குமே தவிர அட்டவணையைத் தொடாது. வாழைச்சேனை வாவியைப் பாதியாக அறுத்த பிறகும் பரப்பளவுப் பத்தியில் முழு வாவியின் எண் அப்படியே நிற்கும். அந்த எண்ணை அறிக்கையில் எழுதுகிறவர் சந்தேகப்படக் காரணமே இருக்காது. அறுத்தவுடன் பரப்பளவை மறுபடி கணக்கிடுங்கள்.

எல்லாம் எடுத்து முடித்து வரைபடத்தை விரித்தால் கல்குடாவில் கடல் இல்லை! பாசிக்குடா விரிகுடாவும் வெள்ளையாகக் கிடந்தது. இது பிழையல்ல. ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் கடல் ஒரு பரப்பாக வரையப்படுவதில்லை, கரை மட்டும் ஒரு கோடாக ஓடுகிறது. கடலை நிரப்பிய பலகோணங்கள் தனிக் கோப்பாகக் கிடைக்கின்றன. அதை இறக்கி அதையும் வெட்டிச் சேர்க்க வேண்டும். கரையோர ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு வேலை கூடுதல்.

இனிக் கட்டுவது. ஷேப்ஃபைலில் கட்ட வேண்டாம் என்பதற்குத் தமிழே போதுமான காரணம். அதில் பத்தித் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே இடம். ஆங்கிலத்தில் அது 10 எழுத்து. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘கிராமம்’ என்று தலைப்பு வைத்தால் ‘கிர’ வரைதான் மிஞ்சும். ‘கிராம சேவகர் பிரிவு’ என்று இன்னொரு பத்தி வைத்தால் அதற்கும் அதே கதி, இரண்டும் ஒரே பெயராகிவிடும். ‘வாழைச்சேனை’ என்ற ஊர்ப்பெயருக்கே 30 பைட் வேண்டும். எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி என்ற சின்னக் கோப்பு பிரதியெடுக்கும்போது விட்டுப்போனால் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரியக்கூடும்.

ஜியோபெக்கேஜில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஓபன் ஜியோஸ்பேஷியல் கொன்சோர்டியம் 2014இல் தரமாக ஏற்ற வடிவம் இது. 2018இல் வந்த கியூஜிஐஎஸ் 3 இதையே இயல்பு வடிவமாக்கியது. உள்ளே எஸ்கியூலைட் தரவுத்தளம், வெளியே ஒரே ஒரு கோப்பு. வீதி, கட்டடம், வாவி, எல்லை, அவற்றின் நிறங்கள் என்று எல்லாம் அதற்குள் அடங்கும். தலைப்புகளைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம்.

கட்டும் கருவியின் பெயர் ‘பெக்கேஜ் லேயர்ஸ்’. லேயர்களைத் தெரிவுசெய்து, பாணிகளையும் சேர் என்று டிக் போட்டு ஓட்டினால் முடிந்தது. ஆனால் அதே பெட்டியில் ‘ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுது’ என்பதையும் கவனியுங்கள். அது டிக் ஆகியிருக்க, நேற்றுக் கட்டிய பொதியில் இன்று பாடசாலைகளை மட்டும் சேர்க்கலாம் என்று அதே கோப்பைக் காட்டினால் நேற்றைய லேயர்கள் அத்தனையும் போய்விடும், பாடசாலைகள் மட்டும் மிஞ்சும். ஓட்டுமுன் அந்த டிக் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கைக்கோள் படம் போன்ற ராஸ்டர் லேயர்களையும் இந்தக் கருவி ஏற்காது.

இன்னொன்று பிரதியெடுப்பது. கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போது கோப்பின் பக்கத்தில் வோல் என்று முடியும் ஒரு துணைக் கோப்பு முளைக்கும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதற்குள் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டால் அவை வராமல் போகும். மென்பொருளை மூடிவிட்டுப் பிரதியெடுங்கள்.

ஆள்கூறுகளைப் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் இந்த வேலையை முடிக்க முடியாது. நமக்கு இரண்டு கட்ட முறைகள் உண்டு. இரண்டுக்கும் மையம் பீதுருதாலகால மலை. பழைய முறையில் அந்த மையத்துக்குக் கிழக்கு, வடக்கு இரண்டுக்கும் 2,00,000 மீற்றர் என்று எண் கொடுத்தார்கள். 1999 முறையில் 5,00,000. கல்குடாவில் கிழக்கு எண் 2,80,000ஐத் தாண்டி நின்றால் பழையது, 5,80,000ஐத் தாண்டி நின்றால் புதியது. புதிய தரவுக்குப் பழைய முறையின் பெயரைச் சொல்லிவிட்டால் ஊர் கிழக்கே 300 கிலோமீற்றர், வடக்கே 300 கிலோமீற்றர் தள்ளி வங்காள விரிகுடாவில் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற தவறு என்பதால் இது ஆபத்தில்லாதது.

பொதி ஃபோனுக்குப் போவது கியூஃபீல்ட் வழியாக. சுவிற்சர்லாந்தின் ஓபன்ஜிஐஎஸ் நிறுவனம் செய்த செயலி. அன்ட்ரொய்ட், ஐஃபோன் இரண்டிலும் ஓடும். கணினியில் கியூஃபீல்ட்சிங்க் என்ற செருகுநிரலைப் போட்டால் அது புரொஜெக்டையும் தரவையும் ஒரு ஃபோல்டராகக் கட்டித் தருகிறது. படகுத்துறையில் நின்று புள்ளி வைக்கலாம், படம் எடுத்து ஒட்டலாம், திரும்பி வந்து கணினியில் சேர்க்கலாம். தமிழ் விசைப்பலகையில் அடித்த பெயர்கள் சேதமில்லாமல் திரும்பி வந்தன. வெயிலில் திரை தெரிவதில்லை என்பது செயலியின் குற்றமல்ல.

பின்னணிப் படத்தில்தான் அதிகம் ஏமாறுவது. வீட்டு வைஃபையில் எல்லாம் அழகாகத் தெரியும். அந்தப் பின்னணி இணையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது கரைக்குப் போன பிறகுதான் விளங்கும். பின்னணியை எம்பிடைல்ஸ் கோப்பாக முன்பே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உருப்பெருக்கப் படிக்கும் ஓடுகள் நான்கு மடங்காகும். ஆகவே மாவட்டம் முழுவதையும் ஆசைப்பட்டு எடுக்காமல் கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனையோடு நிறுத்துங்கள். புறப்படுமுன் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.